தண்டு முடிந்த இடத்துக்குக் கீழே

நெருப்பு உலோகத்தைத் தாண்டிப் போயிருந்தது.

கையெழுத்துப் போட விரலை நீட்டியபோதுதான் வெரோனிகா அதைப் பார்த்தாள். திரையில் ஒரு பெண்ணின் வலது இடுப்பு. தொடை எலும்புக்குள் செருகிய உலோகத் தண்டு கறுப்பாகத் தெரிந்தது. அதன் இரண்டு பக்கமும், எலும்பும் உலோகமும் சேரும் ஓரத்தில், ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டை எரிந்துகொண்டிருந்தது. மேல்மூலையில் சிவப்புப் புள்ளி. சிவப்பு என்றால் செயற்கை மூட்டைக் கழற்றி எடுக்க வேண்டும்.

பட்டையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாடப்புத்தகத்தில் போடலாம். ஊசியில் ஏற்றிய சர்க்கரையை எந்த இடம் அதிகமாகத் தின்கிறதோ அந்த இடம் ஒளிரும். கிருமியோடு சண்டை போடும் செல்களுக்குப் பசி அதிகம். மேலே மூட்டுப் பந்தைச் சுற்றி மட்டும் ஒளிர்ந்தால் சாதாரணத் தேய்மானம். தண்டின் ஓரமாகக் கீழே இறங்கினால் கிருமி. இங்கே இறங்கியிருந்தது.

ஆனால் இந்தப் பெண்ணுக்கு வைத்திருந்தது புது மாதிரி குட்டைத் தண்டு. அது தொடையின் மேல்பகுதியிலேயே முடிந்துவிட்டது. பட்டை முடியவில்லை. வெறும் எலும்புக்குள் இன்னும் நாலு விரற்கடை இறங்கி, அங்கே இல்லாத ஒரு நீளத் தண்டின் முனையை அழகாக வளைத்துக்கொண்டு நின்றது.

இல்லாத உலோகத்தைச் சுற்றிக் கிருமி வராது.

வெரோனிகா விரலை எடுத்துவிட்டாள். இதுவரை எத்தனை குட்டைத் தண்டுகளுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பாள் என்று யோசிக்க ஆரம்பித்து, யோசிக்க வேண்டாம் என்று நிறுத்தினாள்.

உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும் கிருமி ஒன்றுக்கு எந்த மருந்தும் கேட்காமல் போனதிலிருந்து இதுதான் சட்டம். செயற்கை மூட்டு வைத்தவர்கள் எல்லாரும் வருஷத்துக்கு ஒருமுறை படம் எடுத்துக்கொள்ள வேண்டும். படத்தைப் படிப்பது இயந்திரம். அதற்கு அரசு வைத்த பெயர் நீளமானது. திருச்சியில் அந்த ஆஸ்பத்திரியில் எல்லாரும் அதைப் பெரியவர் என்றார்கள். பெரியவர் சிவப்பு என்றால் மூட்டை எடுத்து, ஆளைத் தனி வார்டில் மாதக்கணக்கில் படுக்க வைப்பார்கள். அந்த முடிவின் கீழே மனிதக் கையெழுத்து ஒன்று வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி இருந்தது. அந்த வரிக்காகத்தான் டாக்டர் வெரோனிகாவுக்குச் சம்பளம்.

அவள் எழுந்து காத்திருக்கும் அறைக்குப் போனாள்.

பெண்ணின் பெயர் தையல்நாயகி. நாற்பத்தைந்து வயதிருக்கும். ஸ்கூல் வேன் ஓட்டுபவள். மடியில் இட்லிப் பொட்டலம். ஊசி போட்டதிலிருந்து படம் எடுக்கும்வரை பட்டினியாக, அசையாமல், பேசாமல் படுத்திருக்க வேண்டும். பேசினால் தொண்டைத் தசை சர்க்கரையைத் தின்றுவிடும். இப்போது இரண்டுக்கும் சேர்த்து வாய் வேலை செய்துகொண்டிருந்தது. பக்கத்தில் புருஷன் கலியமூர்த்தி தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தான்.

"இவளை இவ்வளவு நேரம் வாய மூட வச்ச ஒரே ஆஸ்பத்திரி இதுதான் மேடம்," என்றான். "இந்த ஊசி மாசாமாசம் போடலாமான்னு கேக்கணும்னு இருந்தேன்."

"நீங்க சும்மா இருங்க." தையல்நாயகி வெரோனிகாவின் முகத்தையே பார்த்தாள். பொட்டலத்தை மடித்து வைத்தாள். "என்ன நிறம் டாக்டரம்மா?"

"இன்னும் முடிவாகல."

"பெரியவருக்கு இவ்வளவு நேரம் ஆகாதே. என் நாத்தனாருக்குச் செருப்பு மாட்டுறதுக்குள்ள சொல்லிட்டாங்க."

"என்ன சொன்னாங்க?"

"சிவப்பு. எடுத்தாங்க. கால் ஒரு விரற்கடை குட்டையாப் போச்சு. பாதம் வெளிப்பக்கமாச் சாஞ்சு கிடக்கும், வாத்து மாதிரி. மறுபடி புதுசு வைக்கிறோம்னு சொன்னாங்க, இன்னிக்கு வரைக்கும் வைக்கல. ஒட்டிக்கும்னு பயந்து அவ வீட்டுக்கு இப்ப யாரும் போறதில்ல. நானே போறதில்ல, பொய் சொல்வானேன்."

"உங்களுக்கு வலி இருக்கா?"

"நாள் முழுக்க ஏறி இறங்குறேன். ஒவ்வொரு பிள்ளையையும் தூக்கி உள்ள போடணும். வலி இல்லாம இருக்குமா?"

"படுத்திருக்கும்போது?"

"படுத்தா தெரியாது."

"காய்ச்சல் எதாவது?"

"இல்லை."

"போன மாசம் ரெண்டு நாள்..." என்றான் கலியமூர்த்தி.

"அது மழையில நனைஞ்சது. சும்மா இருங்கன்னா கேக்க மாட்டீங்களா?" அவள் வெரோனிகாவின் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியது. "டாக்டரம்மா, பொண்ணு பிளஸ் டூ. இப்பப் போய் நான் படுத்தேன்னா அவ எனக்குச் சோறு ஊட்டிக்கிட்டு உக்காந்திருப்பா. வேனை வேற எவனாவது எடுத்துக்குவான். பாத்துச் சொல்லுங்க."

மழையில் நனைந்தது. வெரோனிகா அதைக் கேட்டாள். கேட்டதை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஓரமாக வைத்தாள்.

உலோகம் படத்தைக் கெடுக்கும். அது இருக்கும் இடத்தைச் சுற்றிப் பொய்யான ஒளியும் பொய்யான இருட்டும் வரும். முன்பெல்லாம் படம் படிப்பவர்கள் திருத்திய படத்தையும் திருத்தாத படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். திருத்தாத படத்திலும் ஒளி இருந்தால்தான் நம்புவார்கள். பெரியவர் வந்தபிறகு அந்த வேலை இல்லை. கெட்டுப்போன பகுதியை அவரே துடைத்து, அந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று நிரப்பி, முடிந்த படமாகத் தருகிறார். திருத்தாத படம் கையெழுத்து விழும்வரை கிடக்கும். பிறகு அழிந்துவிடும். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். யார் திறந்தார் என்பது பதிவாகும். அடிக்கடி திறப்பவர்களைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பார்கள்.

வெரோனிகா திறந்தாள்.

மாவு சிந்தியதுபோல் புள்ளிபுள்ளியாக ஒரு படம். பந்தின் கழுத்தில் கொஞ்சம் ஒளி. அது எல்லாருக்கும் இருப்பது. பட்டை இல்லை. தண்டின் ஓரம் முழுக்கத் தேடினாள். பட்டையே இல்லை. ஒரே ஓர் இடத்தில், தண்டின் வெளிப்பக்கம், மேலே, நகம் அளவுக்கு மங்கலாக ஒரு கறை. தசையாக இருக்கலாம். உலோகத்தின் சேட்டையாக இருக்கலாம். பெரிதாக்கினால் கரைந்தது, சிறிதாக்கினால் மறுபடி வந்தது.

அந்தக் கறையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு அம்பலவாணனைத் தேடிப் போனாள். சிவப்பைப் பச்சையாக்க இரண்டு பேர் ஒத்துக்கொள்ள வேண்டும்: படம் படிப்பவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர்.

டாக்டர் அம்பலவாணன் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இந்த ஊரில் பாதி இடுப்புகளை வைத்ததும் எடுத்ததும் அவர் கைதான். வெரோனிகாவுக்கு வேலை கற்றுத் தந்த துரைசிங்கம் சாரும் அவரும் ஒரே காலத்தவர்கள். படத்தை அவருக்கு முன்னால் வைத்தாள்.

"சார், இந்த நெருப்பு எதைச் சுத்தி எரியுது?"

அவர் மென்றுகொண்டே பார்த்தார். மெல்வது நின்றது. "குட்டைத் தண்டு இல்ல இது?"

"ஆமாம்."

"அப்புறம் கீழே என்ன?"

"அதத்தான் கேக்குறேன். பெரியவர் பாத்து வளர்ந்ததெல்லாம் நீளத் தண்டு. எல்லா இடுப்புலயும் அதையே கற்பனை பண்றாரு. சரி, அதுகூட எனக்குப் புரியுது. ஏன் நெருப்பக் கற்பனை பண்றாரு? ஒண்ணுமில்லாத இடத்துல ஒண்ணுமில்லேன்னு தானே நிரப்பணும்?"

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"பெரியவருக்குக் கத்துக்கொடுத்தது ரெண்டு விஷயம் சார். ஒண்ணு படம். இன்னொண்ணு, அந்த இடுப்பத் திறந்து பாத்தவங்க எழுதின குறிப்பு. நீங்க எழுதினது." அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "கிருமின்னு சொல்லித் திறந்து, உள்ள ஒண்ணும் இல்லாம இருந்திருக்கா?"

அம்பலவாணன் டிபன் பாக்ஸை மூடினார். "இருந்திருக்கு."

"எவ்வளவு?"

"கொஞ்சம் இல்ல."

"என்ன எழுதினீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு மனப்பாடம்போலச் சொன்னார்: "திசு சற்றே தடித்திருந்தது. திரவம் லேசாகக் கலங்கியிருந்தது."

"அப்படின்னா?"

"அப்படின்னா ஒண்ணும் இல்ல. எல்லா மனுஷனுக்கும் உள்ள கொஞ்சம் கலங்கலாத்தான் இருக்கும். நாங்க எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம். உங்க துரைசிங்கம் சார் படத்தப் பாத்துக் கிருமின்னு சொல்லிட்டாரு. நான் திறந்து பாத்து ஒண்ணுமில்லேன்னு எழுதினா மறுநாள் கேன்டீன்ல அவர் மூஞ்சியில எப்படி முழிக்கிறது? அவரு பெரிய மனுஷன். தெரிஞ்சா தப்பாச் சொன்னாரு? அவரும் நல்ல எண்ணத்துலதானே சொன்னாரு."

"மூட்ட எடுத்துட்டீங்க."

"திறந்ததே எடுக்கத்தானே. எடுத்தபிறகு அந்த ஆள்கிட்டப் போய், உன் மூட்டு நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொல்லச் சொல்றியா?"

"அதுக்கு அப்புறம் பெரியவர் வந்தாரு."

"பெரியவர் வந்தபிறகு இன்னும் சுத்தம். மனுஷனாவது சண்டை போடுவான். இவரு சொன்னத இல்லேன்னு எழுதினா விசாரணை வரும்." அம்பலவாணன் சோர்ந்துபோயிருந்தார். "லேசாகக் கலங்கியிருந்ததுன்னு எழுதினா அதைக் கிருமிக் கணக்குல சேத்துக்குவாங்க போல. நாங்க என்னத்தக் கண்டோம்."

வெரோனிகாவுக்கு இப்போது புரிந்தது. பெரியவருக்கு இந்த ஊர் டாக்டர்கள் எல்லாரும் சேர்ந்து சொல்லிக்கொடுத்த பாடம் மரியாதை. யார் முகமும் கோணாமல் எழுதிய வரிகளைப் படித்துப் படித்து, வெறும் இடத்திலும் நெருப்பைப் பார்க்க அது பழகிவிட்டது. இயந்திரத்துக்குக் கேன்டீன் தெரியாது.

"இந்தம்மாவுக்கு நான் பச்சைன்னு போடப் போறேன் சார். நீங்களும் போடணும்."

"ஊசி போட்டு உறிஞ்சிப் பாத்தா?"

"உலோகத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கும். ஊசியில வராதுன்னு உங்களுக்கே தெரியும்."

"இது என்ன?" அம்பலவாணனின் விரல் நகம் அளவு கறையைத் தொட்டது.

"தசையா இருக்கும்."

"இருக்குமா, இருக்கா?"

மழையில் நனைந்தது என்ற சொல் உள்ளே எங்கோ அசைந்தது. ஆனால் அவள் கண்ணில் அப்போது அந்தப் பெரிய பொய் நெருப்புதான் நின்றது. அவ்வளவு பெரிய பொய்க்குப் பக்கத்தில் சின்னக் கறை எதுவும் உண்மையாக இருக்கும் என்று தோன்றவில்லை.

"தசைதான் சார்," என்றாள்.

"தப்பாப் போச்சுன்னா உன் கையெழுத்து உரிமைதான் போகும். படத்துக்குப் பொறுப்பு படம் படிக்கிறவங்க. சட்டம் அப்படி."

"தெரியும். ஒரே ஒரு சத்தியம் பண்ணுங்க. என்னிக்காவது இவங்களத் திறக்க வேண்டி வந்தா, பாத்ததை எழுதணும்."

"சரிம்மா," என்று அம்பலவாணன் கையெழுத்துப் போட்டார்.

தையல்நாயகி பச்சை என்று கேட்டதும் சிரிக்கவில்லை. முதலில் புருஷனின் கையிலிருந்த தண்ணீரைப் பிடுங்கிக் குடித்தாள். பிறகு, "வாங்க, வேனுக்கு நேரமாச்சு," என்று எழுந்தாள். கொஞ்சம் நொண்டினாள். வெரோனிகா அந்த நொண்டலைக் கதவுவரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

*

மகளின் பிளஸ் டூ பரீட்சை முடிந்த வாரம் தையல்நாயகியைக் குளிர்காய்ச்சலோடு கொண்டுவந்தார்கள். தொடை வீங்கித் தோல் பளபளத்தது. அம்பலவாணன் அன்றைக்கே திறந்தார்.

வெரோனிகா தன் அறையில் குறிப்புக்காகக் காத்திருந்தாள். மற்றப் படங்களைப் படிக்க முயன்றாள். எல்லாவற்றிலும் கறை தெரிந்தது. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

குறிப்பு மூன்றாம் நாள்தான் வந்தது.

திசு சற்றே தடித்திருந்தது. திரவம் லேசாகக் கலங்கியிருந்தது. கிருமி என்று உறுதியாகக் கூற இயலாது. தண்டு தளர்ந்திருந்ததால் மூட்டு அகற்றப்பட்டது.

வெரோனிகா படியில் இறங்கி ஆபரேஷன் தியேட்டருக்குப் போனாள். அம்பலவாணன் வேறோர் அறுவையை முடித்துவிட்டுக் கை கழுவும் இடத்தில் இருந்தார். அவளைப் பார்த்ததும் குழாயை மூடாமல் நின்றார்.

"உள்ள என்ன சார் இருந்துச்சு?"

"எழுதியிருக்கேனே."

"அதைப் படிச்சேன். உள்ள என்ன இருந்துச்சு?"

அவர் குழாயை மூடினார். "சீழ். தண்டைச் சுத்தி, வெளிப்பக்கம். நீ தசைன்னு சொன்ன இடத்துலேர்ந்து ஆரம்பிச்சிருக்கு."

அந்தப் படத்தைப் பற்றி வெரோனிகா சொன்னது சரி. அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னது தவறு. இரண்டும் ஒரே கையெழுத்தில் இருந்தன.

"சத்தியம் பண்ணீங்க."

"பண்ணேன். உள்ள பாத்ததும் உன் மூஞ்சிதான் ஞாபகம் வந்துச்சு. நான் சீழ்னு எழுதினா நாளைக்கு உன் கையெழுத்து போயிடும். அப்புறம் இந்த ஊர்ல திருத்தாத படத்தத் திறந்து பாக்க யார் இருக்கா சொல்லு. நான் எழுதினது உனக்காக மட்டும் இல்ல."

அவர் சொன்னது உண்மைதான். அதுதான் பயமாக இருந்தது.

"அந்தம்மாகிட்ட என்ன சொன்னீங்க?"

"கிருமி இல்ல, சும்மா கலங்கல்னு சொன்னேன். சந்தோஷப்பட்டாங்க."

"எந்த வார்டு?"

அம்பலவாணன் துண்டை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார். "குறிப்புல கிருமி இல்லேன்னா தனி வார்டு கொடுக்க மாட்டாங்க. பொது வார்டுதான்."

வெரோனிகா ஓடவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஓடினால் எல்லாரும் பார்ப்பார்கள். வேகமாக நடந்தாள்.

பெண்கள் வார்டில் கடைசிக் கட்டிலில் தையல்நாயகி படுத்திருந்தாள். போர்வைக்குக் கீழே பாதங்கள் தெரிந்தன. இடது பாதம் நிமிர்ந்து நின்றது. வலது பாதம் குட்டையாக, வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. பக்கத்துக் கட்டிலில் குர்ஷித் பேகம் என்று ஒரு பெண், இடுப்பு உடைந்து அந்த வாரம்தான் புது மூட்டு வைத்தவள். இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஒரே ஸ்டூல். ஒரே ஃபிளாஸ்க். ஒரே சீப்பு.

"டாக்டரம்மா!" தையல்நாயகியின் முகம் மலர்ந்தது. "கிருமி இல்லையாம், சார் சொன்னாரு. நீங்க அன்னிக்கே சொன்னீங்க. குர்ஷித்து, இவங்கதான் நான் சொன்ன டாக்டரு. பெரியவரையே இல்லேன்னு சொன்னவங்க."

"அக்கா நேத்துலேர்ந்து உங்க புராணம்தான்," என்றாள் குர்ஷித். "எனக்குத் தலை வாரி விட்டுக்கிட்டே சொல்றாங்க. ஒரு வரி விடல."

"வேற என்ன செய்யிறது. இவ என்னமோ ஒரு இடுப்பு புதுசு வச்சதுக்குக் கல்யாணப் பொண்ணு மாதிரி படுத்திருக்கா. கட்டு நனைஞ்சா மாத்தி விடக்கூட நான்தான் வேணும்."

"கட்ட நீங்களா மாத்தினீங்க?" என்றாள் வெரோனிகா.

"நர்சு வர நேரமாச்சு. லேசா ஒட்டி விட்டேன். ஏன்?"

வெரோனிகா கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்தாள். பேசாமல் திரும்பிப் போய்விடலாம். போனால் கையெழுத்து இருக்கும். நாளைக்கு வேறு யாரோ ஒருவரின் பொய் நெருப்பை அணைக்கலாம். அம்பலவாணன் அதைத்தான் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

"தையல்நாயகி, உங்களுக்குக் கிருமி இருக்கு. அன்னிக்கே இருந்துச்சு. படத்துல ஒரு சின்ன இடத்துல தெரிஞ்சுது. நான் தசைன்னு நினைச்சேன். தப்பு."

வார்டில் எங்கோ தட்டு விழுந்தது. தையல்நாயகி அசையாமல் கிடந்தாள், ஊசி போட்ட அன்று கிடந்ததுபோல.

"மழையில நனைஞ்சேன்னு நான்தானே சொன்னேன்," என்றாள் கடைசியில். "மூணு நாள் உடம்பு காஞ்சுது. ரெண்டு நாள்னு அவரு சொன்னதே பொய்."

"அதை நான் கேட்டிருக்கணும்."

"ஆமா," என்றாள் தையல்நாயகி. "கேட்டிருக்கணும்."

அவள் குர்ஷித்தைப் பார்க்கவில்லை. ஸ்டூலில் இருந்த சீப்பை எடுத்துத் தன் தலையணைக்கு அடியில் வைத்தாள். பிறகு கையை நீட்டி, இரண்டு கட்டிலுக்கும் நடுவில் தொங்கிய திரையைப் பிடித்து இழுத்தாள். அது பாதியில் சிக்கியது. இன்னொரு முறை இழுத்தாள். முழுதாக மூடியது.

திரைக்கு அந்தப் பக்கம் குர்ஷித், "அக்கா?" என்றாள்.

*

வெரோனிகா அன்று மாலையே எழுதிக் கொடுத்தாள். படம் படித்ததில் தவறு நேர்ந்தது, கிருமி இருந்தது, தவறு என்னுடையது. அப்படி ஒரு வரியை அதற்கு முன் யாரும் எழுதியதில்லை. எங்கே சேர்ப்பது என்று நிர்வாகத்துக்குத் தெரியவில்லை. விசாரணை அதிகாரி ஒருவர் வந்தார், நல்ல மனிதர். "லேசான சந்தேகம் இருந்தது என்று மாற்றிக்கொள்ளலாமே டாக்டர்," என்றார். மாட்டேன் என்றாள். கையெழுத்து போயிற்று. தையல்நாயகியைத் தனி வார்டுக்குக் கொண்டுபோனார்கள்.

படமும், கிருமி என்று திருத்திய குறிப்பும் பெரியவரிடம் போயின. அந்தப் படத்தில் பெரியவர் சிவப்பு என்றார், கிருமி இருந்தது. ஆகவே பெரியவர் சரி. குட்டைத் தண்டுக்குக் கீழே எரிந்த நெருப்பும் சரி. வெரோனிகா உண்மையைச் சொன்னதில் அந்தப் பொய் இன்னும் கெட்டியானது. இதை அவள் எழுதும்போதே அறிந்திருந்தாள். அறிந்துதான் எழுதினாள். வேறு வழி கண்ணில் படவில்லை.

குர்ஷித்துக்குப் படம் எடுத்தார்கள். கிருமி உள்ளவளின் பக்கத்தில் படுத்திருந்தவள், எடுக்காமல் விடமுடியாது. வெரோனிகாவின் நாற்காலியில் புதிதாக வந்தவர் அதைப் பார்த்த வேகத்தில் கையெழுத்துப் போட்டார். வெரோனிகா தன் பொருட்களை எடுக்க வந்தவள், அவர் தோளுக்குப் பின்னாலிருந்து படத்தைப் பார்த்தாள். குட்டைத் தண்டு. அது முடிந்த இடத்துக்குக் கீழே நாலு விரற்கடைக்கு ஆரஞ்சுப் பட்டை. சிவப்புப் புள்ளி. திருத்தாத படத்தைத் திறங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். அது ஏற்கெனவே அழிந்துவிட்டது.

படம் பொய் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் போன தடவையும் படம் பொய்தான், கிருமி இருந்தது.

அம்பலவாணனைப் போனில் பிடித்தாள்.

"சார், குர்ஷித் பேகத்தத் திறக்கப் போறீங்களா?"

"நாளைக்குக் காலையில. எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தாச்சு. நீ என்ன நினைக்கிற, இருக்கா இல்லையா?"

"தெரியல."

"அன்னிக்கு அவ்வளவு உறுதியாச் சொன்னே."

"இன்னிக்குத் தெரியல சார். என்னைக் கேக்காதீங்க. யாரையும் கேக்காதீங்க. திறந்து பாருங்க."

மறுமுனையில் நீளமான மூச்சு. "வயசாகிடுச்சும்மா எனக்கு. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலந்தான்," என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் கேட்கவில்லை.

மறுநாள் காலை தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். குறிப்பைப் படிக்க இனி அவளுக்கு அனுமதி இல்லை. உள்ளே என்ன இருந்தது, என்ன எழுதினார் என்று யாரும் அவளிடம் சொல்லப்போவதில்லை. குர்ஷித்தின் அண்ணன் ஒருவர் எதிரே நின்றபடி விரல்களை நெட்டி முறித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை கதவு அசைந்தபோதும் இருவரும் எழுந்தார்கள். வேறு யாராவது வந்தார்கள். மறுபடி உட்கார்ந்தார்கள்.

கடைசியில் ஸ்ட்ரெச்சர் வந்தது. குர்ஷித்தின் முகம் வெளுத்து, வாய் கொஞ்சம் திறந்து, மயக்கத்தில் இருந்தது. பின்னால் அம்பலவாணன், முகமூடியைக் கழற்றாமல். அவர் வெரோனிகாவைப் பார்த்தார். தலையசைக்கவில்லை. நிற்காமல் தாழ்வாரத்தில் நடந்து, விசாரணை அதிகாரியின் அறை இருந்த பக்கம் திரும்பினார்.

அவள் போர்வையின் கடைசியைப் பார்த்தாள்.

இரண்டு பாதங்களும் ஒரே மட்டத்தில், விரல்கள் கூரையைப் பார்க்க, நிமிர்ந்து நின்றன.

எடுக்காமல் மூடியிருக்கிறார். எடுக்காமல் மூடியவர், லேசாகக் கலங்கியிருந்தது என்று எழுத முடியாது; ஒன்றுமில்லை என்றுதான் எழுத வேண்டும்.

வெரோனிகாவுக்கு அழுகை வரவில்லை. நிம்மதியும் வரவில்லை. அவர் கண்ணுக்குத் தப்பிய நகம் அளவு கறை ஒன்று உள்ளே இருக்குமா என்றுதான் யோசித்தாள். ஸ்ட்ரெச்சரோடு கூடவே நடந்து, வார்டு வாசலில் குர்ஷித்தின் நெற்றியில் புறங்கையை வைத்தாள்.

குளிர்ந்திருந்தது. நாளைக்கும் வந்து தொட்டுப் பார்க்க வேண்டும்.